மின்சார கார்: எதற்குப் பயப்பட வேண்டும்?

ஆசிரியருக்கு,

மின்சார கார் தீப்பிடித்த படம் ஒன்று வந்தாலே ‘பேட்டரி வெடித்துவிடும்’ என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. பெட்ரோல் காரும் எரியத்தான் செய்கிறது. அது செய்தியாவது குறைவு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இந்தக் கார்களின் பேட்டரி பல லித்தியம் அயனி செல்கள் (சிறு மின்கலங்கள்) சேர்ந்தது. அதில் ஒரு செல் சேதமடைந்து கட்டுமீறிச் சூடேறினால், அந்த வெப்பம் பக்கத்து செல்லுக்கும் தாவும். அணைந்ததுபோல் தெரிந்து, பல மணி நேரம் கழித்து, சில சமயம் நாட்கள் கழித்தும் மறுபடி பற்றும். அதனால்தான் தீயணைப்பு வீரர்கள் நீண்ட நேரம் தண்ணீர் பாய்ச்சிக் குளிர்விக்கிறார்கள். பெரிய விபத்திலோ வெள்ளத்திலோ, முக்கியமாக உப்பு நீரில், சிக்கிய காரை வீட்டை ஒட்டி நிறுத்தக் கூடாது. பரிசோதிக்காமல் சார்ஜில் போடவே கூடாது.

வாங்குபவர்கள் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், எவ்வளவு என்று கேட்கிறார்கள். பேட்டரி எந்த வகை என்று கேட்பவர் குறைவு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை எடை கூடுதல்தான், ஆனால் நிக்கல், கோபால்ட் கலந்ததைவிட வெப்பத்தை நன்றாகத் தாங்கும்.

அப்புறம், நடைமுறை. வீட்டிலேயே சார்ஜ் செய்ய இடம் இருந்தால் இந்தக் கார் சுகம். இல்லையென்றால் யோசித்து வாங்கலாம். மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிட்டு இரவெல்லாம் சார்ஜ் போடுவது, என்னைக் கேட்டால், பேட்டரியைவிடப் பெரிய ஆபத்து. மெல்லிய வயரும் தளர்ந்த பிளக்கும்தான் முதலில் சூடேறும். எர்த் சரியாக உள்ள தனி லைன் வேண்டும். வேகச் சார்ஜரிலும் 80 சதவீதத்துக்கு மேல் ஏறுவது மெதுவாகிவிடும் என்பதை விற்பனையாளர்கள் முன்பே சொல்லலாம். முழுதும் ஏறும்வரை காத்திராமல் கிளம்பினால், சார்ஜிங் நிலையங்களில் வரிசையாவது குறையும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்