மின்முரசை ஒரு மணி நேரம் நிறுத்தி வையுங்கள்

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் செயல் அலுவலர் அவர்களுக்கும் அறங்காவலர் குழுவினருக்கும்,

வணக்கம். சென்ற பிரதோஷத்தன்று மகாமண்டப வாசலில் நடந்தது தங்கள் செவிக்கு எட்டியிருக்கும். இரும்புத் தடுப்புக்குள் முக்கால் மணி நேரம் பொறுமையாக நின்ற என் மகன், தீபாராதனைக்கு மின்முரசு முழங்கத் தொடங்கியதும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அலறினான். அவனுக்கு வயது 17, ஆட்டிசம் உள்ளவன். நமக்குச் சத்தமாகக் கேட்பது அவனுக்கு வலியாக இறங்குகிறது. கைகளை விலக்கிப் பார்த்தபோது நகம் பதிந்து காதோரம் ரத்தம் கசிந்திருந்தது. அந்த நேரத்தில் பணியாளர் ஒருவர், "இந்த மாதிரிப் பிள்ளையை எதுக்கும்மா கூட்டத்துல கூட்டிட்டு வர்றீங்க, வீட்டுலயே கும்பிட வேண்டியதுதானே" என்றார். சந்நிதிக்குப் பத்தடி இருக்கையில் திரும்பி வந்தோம்.

அந்த இயந்திரம் வருவதற்கு முன்பு முரசு அடித்த பெரியவர், இவனைக் கண்டால் நாங்கள் தூணைத் தாண்டும்வரை கோலை நிறுத்திக் காத்திருப்பார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். வாரத்தில் ஒரு நாள், ஒருகாலப் பூஜைக்கு மட்டும் மின்முரசை நிறுத்திக் கைமணியோடு தீபாராதனை நடத்துங்கள். அந்த ஒரு மணி நேரம் இத்தகைய பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாமல் உள்ளே விடுங்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைத்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பார்த்தவுடன் தெரியாத குறை என்பதாலேயே அதைப் பிடிவாதம் என்றும் வளர்ப்புச் சரியில்லை என்றும் சொல்லிவிடுகிறார்கள்.

எனக்கு 51 வயதாகிறது. இவன் பேச வேண்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை, செய்யாத பரிகாரமில்லை. முன்வினை என்று உறவினர் சொன்னபோது அழுதேன்; பள்ளிகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தபோது அழவும் நேரமிருக்கவில்லை. அடுத்த ஆண்டு இவனுக்கு 18 நிறைந்துவிட்டால், பெற்ற நானே இவனுடைய சட்டப் பாதுகாவலர் ஆவதற்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும். எனக்குப் பின் இவனுக்காக அந்த மனுவில் யார் கையெழுத்திடுவார் என்று நினைத்துக்கொண்டே பல இரவுகள் விடிகின்றன. குணமாக வேண்டும் என்று கேட்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆயின. இப்போதெல்லாம் நான் எதுவும் கேட்பதில்லை; இவனுக்குப் பக்கத்தில் நிற்கிறேன், அவ்வளவே. நந்தி மண்டபத்துத் தூணில் நெற்றியை ஒட்டி வைத்துக் கண்மூடுவான். கல்லின் குளிர்ச்சியில் அவன் மூச்சு மெல்லச் சீராவது எனக்குக் கேட்கும். எனக்குத் தெரிந்த வழிபாடு இன்று அதுதான். அதை வீட்டில் செய்துகொள் என்று சொல்வதற்கு எவருக்கும் உரிமையில்லை.

எங்கெங்கோ சென்றுவிட்டேன், பொறுத்தருள்க. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் மின்முரசை நிறுத்தி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நேரில் விளக்க வேண்டுமென்றால் மகனையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். திங்கட்கிழமை காலையாக இருந்தால் நல்லது, அன்று அவனுக்குப் பயிற்சி வகுப்பு இல்லை.

இப்படிக்கு,
தங்கள் கோயிலுக்கு இருபது ஆண்டுகளாக வரும் ஒரு தாய்