இணையம் முடங்கக் கேபிள் அறுபட வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையம் தடைபட்டால் கடலடிக் கேபிள் அறுந்ததா என்றுதான் முதலில் கேட்கிறோம். கேபிள் நன்றாக இருக்கும்போதே, ஒரு ரவுட்டரில் தவறாகப் பதிந்த ஒரே வரியாலும் பெரிய தளங்கள் முடங்கும். சொந்த ஏஎஸ் எண் (ஒரு நெட்வொர்க்கை இணையத்தில் அடையாளம் காட்டும் எண்) வாங்கித் தொழில் நடத்தும் நம் ஊர்ச் சிறு இணையச் சேவை நிறுவனங்கள் இதில் கவனம் வைப்பது அவசரம்.

பல்லாயிரம் தனித்தனி நெட்வொர்க்குகள் சேர்ந்ததே இணையம். ஒவ்வொன்றும் அண்டை நெட்வொர்க்கிடம், 'இந்த ஐபி முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்' என்று பிஜிபி என்ற நெறிமுறை மூலம் அறிவிக்கிறது. அந்த உரிமை அறிவிப்பவருக்கு உண்டா என்று பிஜிபி தானாகச் சரிபார்ப்பதில்லை. ஒரே முகவரிக்கு இரண்டு அறிவிப்புகள் இருந்தால், சிறிய முகவரித் தொகுதியைக் குறிப்பதே செல்லும்.

2008 பிப்ரவரி 24-இல் நடந்தது இதுதான். யூடியூப் 1,024 முகவரிகள் கொண்ட /22 தொகுதியை அறிவித்திருந்தது (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் கூடக்கூடத் தொகுதி சிறிதாகும்). யூடியூபை உள்நாட்டில் தடுப்பதற்காகப் பாகிஸ்தான் டெலிகாம் அதற்குள் அடங்கும் 256 முகவரிகளை, அதாவது ஒரு /24-ஐ அறிவித்தது. அதன் அப்ஸ்ட்ரீம் நிறுவனமான, அதாவது அதற்கு வெளியுலக இணைப்பு தரும் நிறுவனமான பிசிசிடபிள்யூ அதை வடிகட்டாமல் வெளியே விட்டது. உலகின் பல பகுதிகளிலிருந்து யூடியூபுக்குப் போக வேண்டிய டிராஃபிக் பாகிஸ்தானுக்குப் போனது. யூடியூப் தானும் அதே /24-ஐ அறிவித்தது. போதாமல் அதை இரண்டு /25 ஆகப் பிரித்தும் அறிவித்தது. பிசிசிடபிள்யூ தவறான வழியை நீக்குவதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. இந்தியாவிலும் 2021 ஏப்ரல் 16-இல் வோடஃபோன் ஐடியாவின் ஏஎஸ்55410, பிறருடைய 30,000-க்கும் மேற்பட்ட தொகுதிகளைத் தன்னுடையதாக அறிவித்தது.

சிறு நிறுவனங்களில் அதிகம் நேரக்கூடியது வேறொரு தவறு. இரண்டு அப்ஸ்ட்ரீம் வைத்திருப்பவர், ஒன்றிடம் பெற்ற வழிகளை மற்றதற்கு அப்படியே சொல்லிவிடுவார். இதுதான் வழிக்கசிவு. வாடிக்கையாளர் சொல்லும் வழிக்குத்தான் பெரிய நிறுவனங்கள் வழக்கமாக லோக்கல் பிரிஃபரன்ஸை, அதாவது வழிக்குத் தரும் முன்னுரிமை மதிப்பைக் கூட்டி வைக்கும். வருமானம் தருவது அதுதானே. பாதை நீளமானாலும் அதுவே தேர்வாகும். விளைவு, நொடிக்கு 10 ஜிகாபிட் இணைப்புக்குள் தாங்க முடியாத டிராஃபிக் வந்து கொட்டும். வெளியே போகும் ஃபில்டரில் தன் தொகுதிகளையும் தன் வாடிக்கையாளர்களின் தொகுதிகளையும் மட்டும் அனுமதித்து, மீதி எல்லாவற்றையும் மறுத்துவிட்டால் இது நடக்காது. அப்ஸ்ட்ரீமும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மேக்ஸ்-பிரிஃபிக்ஸ் வரம்பு, அதாவது அதிகபட்சம் எத்தனை தொகுதி அறிவிக்கலாம் என்ற வரம்பு வைக்க வேண்டும். 10 தொகுதி அறிவிப்பவருக்கு 20 போதும்.

முகவரித் தொகுதிக்கு ஆர்ஓஏ பதிவது அடுத்த வேலை. இந்தத் தொகுதியை இந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்பதற்கான மின்கையொப்பமிட்ட சான்று அது. இதில் எவ்வளவு சிறிய தொகுதி வரை அறிவிக்கலாம் என்று குறிக்கும் 'மேக்ஸ் லெங்த்' என்ற கட்டத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். /22 என்று மட்டும் பதிந்துவிட்டு /24 அறிவித்தால், சொந்த அறிவிப்பே செல்லாததாகி, சரிபார்க்கும் நெட்வொர்க்குகளில் நிராகரிக்கப்படும். அதற்குப் பயந்து எல்லாவற்றையும் /24 வரை திறந்து வைப்பதும் ஆபத்து: நம் ஏஎஸ் எண்ணைப் போலியாகச் சேர்த்து வேறொருவர் /24 அறிவித்தாலும் அது செல்லுபடியாகும். உண்மையில் எதை அறிவிக்கிறோமோ, அதை மட்டும் பதிவதே சரி. வழிக்கசிவை ஆர்ஓஏ பெரும்பாலும் பிடிக்காது என்பதால் மேலே சொன்ன ஃபில்டரைக் கைவிடவும் முடியாது.

அரசு அலுவலகங்கள், மருத்துவமனைகள், கல்லூரிகளுக்கு இணைய இணைப்பு வாங்கும் டெண்டர்களில் வேகமும் விலையும் மட்டும் கேட்டால் போதாது. ஆர்ஓஏ சோதனையில் தேறாத வழிகளை நிராகரிக்கிறீர்களா, வாடிக்கையாளர் அறிவிப்புகளை வடிகட்டுகிறீர்களா என்ற இரண்டையும் கட்டாய நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பொறியாளர் ஒருவர்,
கோவை.