ஓடிப்போன சிப்பாயைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

உங்களில் பலருக்கு ஏற்கெனவே தனித்தனியாக ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். அப்படியும் ஒரு குறை இருந்தது. அமெரிக்க விடுதலைப் போரின் சிப்பாய் ஒருவரைத் தேடிப் போன இடத்தில் கடைசி முடிச்சை அவிழ்த்தவர், கடலூரில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அப்பா. அவருக்கும் சேர்த்து எழுதுவதென்றால் தமிழில்தான் எழுத வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டதால் பெயரில்லாமல் எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

என் மாமியார் டென்னசியில் பிறந்தவர், வயது 82. அவர்கள் வீட்டில் ஒரு கதை தலைமுறை தலைமுறையாக நடமாடிக்கொண்டிருந்தது. குடும்பத்தின் மூத்த பாட்டனார் 1776 கிறிஸ்துமஸ் இரவில் ஜார்ஜ் வாஷிங்டனோடு படகேறி, பனிக்கட்டி மிதந்த டெலவேர் ஆற்றைக் கடந்தவராம். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டுவிட்டு, "அதற்குத் தாள் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுவைத்தேன். பதிவு அலுவலகத்துக்காரர் மகள் வேறு எப்படிக் கேட்பாள்? அந்தக் கேள்வியைப் பல வருடம் மறக்காமல் வைத்திருந்து, போன ஆண்டு என் தலையிலேயே கட்டிவிட்டார் மாமியார்.

நான் முதலில் பிடித்தது தவறான ஆளை. அந்தக் காலத்தில் ஆண்களுக்கு இருந்ததே பத்துப் பன்னிரண்டு பெயர்கள்தான் போலிருக்கிறது. அதே பெயர், அதே வட கரோலினா, வயதும் ஏறத்தாழ அதே. 1818-இல் வந்த சட்டப்படி பென்ஷன் கேட்டிருந்தார். அமெரிக்காவின் முழுநேரப் படையான கண்டினென்டல் படையில் ஒன்பது மாதமாவது இருந்து, இப்போது வறுமையில் வாடுபவர்களுக்கான சட்டம் அது. சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். அரசு எதிர்பார்த்ததற்கு மேல் ஏழைகள் வந்து குவியவே, 1820-இல் இன்னொரு சட்டம் போட்டு, ஒவ்வொருவரும் தங்கள் உடைமைகளை நீதிமன்றத்தில் பட்டியல் போட்டுக் காட்ட வேண்டும் என்றார்கள். இவருடைய பட்டியலில் ஒரு பசு, ஒரு கன்று, ஐந்து பன்றி, ஓர் இரும்புச் சட்டி, பழைய மேசை ஒன்று. நிலம் இல்லை. கால் ஊனமான மனைவி. ஒரு மாதம் முழுக்க இவரோடு வாழ்ந்தேன். அந்தப் பசுவுக்காக ஒரு நாள் அழவும் செய்தேன். கடைசியில் பார்த்தால் பிள்ளைகள் பெயரில் ஒன்றுகூட மாமியார் சொன்ன பெயர்களோடு பொருந்தவில்லை.

அங்கேதான் டென்னசி நூலகத்தின் வரலாற்றறையில் தன்னார்வலராக இருக்கும் அம்மையார் வந்தார். நான் வைத்திருந்த நகல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பத்துப் பக்கத்தோடு நிறுத்திவிட்டீர்களா?" என்றார். தேசிய ஆவணக் காப்பகம் இந்தக் கோப்புகளை இரண்டு விதமாக மைக்ரோபிலிம் எடுத்திருக்கிறது. எம் 805 என்ற வரிசையில், பெரிய கோப்பாக இருந்தால் முக்கியம் என்று பொறுக்கிய தாள்கள் மட்டும் இருக்கும். எம் 804-இல்தான் முழுக் கோப்பு, 2,670 சுருள்களில். நான் பார்த்துக்கொண்டிருந்தது பொறுக்கிய தாள்கள். கோப்பின் தலையில் இருக்கும் எழுத்தையும் அவர்தான் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். எஸ் என்றால் சிப்பாயே வாங்கியது, டபிள்யூ என்றால் விதவை கேட்டு வாங்கியது, ஆர் என்றால் தள்ளுபடி. "விதவைக் கோப்பாகப் பாருங்கள். கணவன் சொல்லாததை எல்லாம் மனைவி சொல்லியிருப்பாள்" என்றார். அம்மையாரே, அந்த ஒரு வரி எனக்கு ஆறு மாதத்தை மிச்சப்படுத்தியது.

சொன்னபடியே டபிள்யூ எழுத்தோடு அதே பெயரில் ஒரு கோப்பு இருந்தது. உள்ளே கணவன் 1832-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுத்த வாக்குமூலம். இந்தச் சட்டம் வறுமையைக் கேட்கவில்லை. ஊர்ப்படையில், அதாவது சில மாதத்துக்கு மட்டும் அழைக்கப்படும் உள்ளூர்க்காரர் படையில், இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. ஆறு மாதச் சேவை போதும். ஆனால் சேவை செய்ததற்கு என்ன சான்று? போர்த்துறை அலுவலகம் 1800 நவம்பர் 8 அன்று தீப்பிடித்து எரிந்ததில் பழைய தாள்கள் போயின. 1814-இல் பிரிட்டிஷார் வாஷிங்டன் நகரைக் கொளுத்தியபோது இன்னும் கொஞ்சம் போனது. எனவே கிழவர்களைக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி வரிசையாகக் கேள்வி கேட்டார்கள். எங்கே, எந்த வருடம் பிறந்தாய்? வயதுக்கு ஏதாவது பதிவு உண்டா? படைக்கு அழைக்கப்பட்டபோது எங்கே குடியிருந்தாய், அதன்பின் எங்கெங்கே போனாய்? தானாகச் சேர்ந்தாயா, சீட்டில் பெயர் விழுந்ததா, இன்னொருவனுக்குப் பதிலாகப் போனாயா? உன்னைத் தெரிந்தவர் அக்கம்பக்கத்தில் யார்? அரசின் தாள்கள் எரிந்திருக்காவிட்டால் இந்தக் கிழவர்கள் வாயே திறந்திருக்க மாட்டார்கள். தீக்கு நன்றி சொல்வது சரியில்லைதான். ஆனாலும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நம்மவர் வாய் திறந்து சொன்னது இது. டெலவேர் ஆற்றை அவர் பார்த்ததே இல்லை. வாஷிங்டனையும் பார்க்கவில்லை. வட கரோலினாவின் ஆரஞ்சு கவுண்டியில் இருந்து 1780-இல் மூன்று மாதத்துக்கு ஊர்ப்படையில் போனார். ஆகஸ்ட் 16 அன்று கேம்டனில் பிரிட்டிஷார் துப்பாக்கி முனைக் கத்தியோடு வந்ததும் எல்லாரோடும் சேர்ந்து ஓடினார். மறு வருடம் மார்ச் 15, கில்போர்ட் நீதிமன்றச் சண்டை. வட கரோலினா ஊர்ப்படையைத் தளபதி நத்தேனியல் கிரீன் முன்வரிசையில் நிறுத்தியிருந்தார். இரண்டு முறை சுட்டுவிட்டுப் பின்வாங்கலாம் என்று அவர் சொல்லியிருந்ததாகச் சொல்வார்கள். நம்மவர் சுட்டார், பின்வாங்கினார். பின்வாங்கியவர் நேரே வீட்டில் போய்த்தான் நின்றார்.

இதை நான் படித்துக் காட்டியபோது மாமியார், "இரண்டு முறையும் ஓடினாரா?" என்று கேட்டுவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் தயங்கிய எனக்கு அந்தச் சிரிப்பும் ஒரு பெரிய உதவி.

கதை அதோடு முடியவில்லை. கில்போர்டில் களத்தை விட்டு வீடு போய்ச் சேர்ந்தவர்களைப் பிடித்து, 12 மாதம் கண்டினென்டல் படையில் இருந்தே ஆக வேண்டும் என்று தண்டனை போட்டார்கள். இவரும் அகப்பட்டார். அந்தத் தண்டனைக் காலத்தில்தான் செப்டம்பர் 8 அன்று யூட்டா ஸ்பிரிங்ஸ் சண்டை. அங்கே ஓடவில்லை. முதல் மூன்று மாதமும் தண்டனையாகக் கழித்த பன்னிரண்டு மாதமும் சேர்ந்து பதினைந்து மாதச் சேவை என்று கணக்கிட்டு, ஆண்டுக்கு 50 டாலர் கொடுத்தது அரசு. ஓடாமல் இருந்திருந்தால் பென்ஷனில் பெரும்பகுதி கிடைத்திருக்காது.

இவர்தான் நம்மவர் என்று எப்படி முடிவு செய்வது? ஏற்கெனவே ஒரு முறை சூடுபட்டிருந்தேன். டென்னசியில் அவர் வாக்குமூலம் கொடுத்த கவுண்டியின் நீதிமன்றம் பின்னாளில் எரிந்துவிட்டது. அமெரிக்கத் தெற்கில் இது அடிக்கடி கேட்கிற கதை. இந்த இடத்தில்தான் அப்பா. வீடியோ அழைப்பில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பெயரைப் பார்க்காதே அம்மா. செக்குபந்தியைப் பார். சாட்சி யார் என்று பார்" என்றார். ஆளின் பெயர் பத்துப் பேருக்கு இருக்கும், வடக்கே யார் நிலம், கிழக்கே யார் நிலம் என்பது பத்துப் பேருக்கு ஒன்றாக இருக்காது என்பது அவர் கணக்கு. ஆரஞ்சு கவுண்டியின் பழைய கிரயப் பத்திரங்களில் எல்லைக்காரர்கள் பெயரை வரிசையாக எழுதினேன். அடுத்து, டென்னசியில் ஐம்பது வருடம் கழித்து, "இவரைச் சிறுவயது முதல் தெரியும்" என்று பிரமாணம் செய்த இரண்டு பேரின் பெயரை எழுதினேன். இரண்டு பெயரும் முதல் பட்டியலில் இருந்தன. ஒருவர் ஓடைக்கு வடக்கே, மற்றவர் மேற்கே. அக்கம்பக்கத்தார் அப்படியே வண்டி கட்டிக்கொண்டு மலை தாண்டிப் போயிருக்கிறார்கள். ஒற்றைப் பசுக்காரரின் நிலம் (அவருக்கும் ஒரு காலத்தில் நிலம் இருந்திருக்கிறது) வேறு ஆற்றங்கரையில் இருந்தது.

அப்பா இதோடு விடவில்லை. இந்தப் போரின் கடைசிச் சண்டை எங்கே நடந்தது என்று சம்பந்தியிடம் கேட்கச் சொன்னார். யார்க்டவுன் என்றார் மாமியார். கடலூர் என்றார் அப்பா. 1783 ஜூனில் பிரெஞ்சுக்காரர்களும் பிரிட்டிஷாரும் எங்கள் ஊரில் கரையிலும் கடலிலும் மோதிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவுக்காகப் பிரான்சு இறங்கிய அதே போரின் வால் அது. ஐரோப்பாவில் சமாதானத்துக்குக் கையெழுத்தாகிப் பல மாதம் ஆகியிருந்தது, செய்திதான் வந்து சேரவில்லை. கில்போர்டில் நம்மவரை ஓட வைத்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் அங்கேயே தன் படையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இழந்து, யார்க்டவுனில் சரணடைந்து, பிறகு இந்தியாவுக்கு வந்து திப்புவைத் தோற்கடித்தார். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் சிலையாக நிற்கிறார். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அதைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார் மாமியார்.

வட கரோலினாவின் தலைநகரான ராலேயில் இருக்கும் தோழிக்கு நன்றி. ஒரு சனிக்கிழமையை எனக்காக மாநில ஆவணக் காப்பகத்தில் செலவழித்தாய். வட கரோலினாவில் அக்காலத்தில் மணம் முடிக்க மாப்பிள்ளை ஒரு பிணைப்பத்திரம் எழுதித் தர வேண்டும். இந்தத் திருமணத்துக்குச் சட்டத் தடை ஏதும் இருந்தால் இவ்வளவு தொகை கட்டுகிறேன் என்று. நம்மவரின் பத்திரத்தில் ஜாமீன் போட்டவர் பெண்ணின் அண்ணன் ஜெஸி. பழைய எழுத்தர்கள் இரண்டு 'எஸ்' சேர்ந்து வந்தால் முதலாவதை 'எஃப்' போல நீட்டி எழுதுவார்கள் என்பது தெரியாமல், 'ஜெஃப்சி' என்று ஒருவனை இரண்டு வாரம் தேடியவள் நான். பார்த்த மாத்திரத்தில் நீ சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

நம்மவரின் மனைவியான பாட்டிக்கும் நன்றி சொல்ல வேண்டும். கணவன் இறந்த பிறகு, 1838-ஆம் ஆண்டுச் சட்டம் விதவைகளுக்கு வந்தது. 1794 பிறப்பதற்கு முன்பே திருமணம் ஆகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வேறு சான்று கையில் இல்லாததால் குடும்பப் பைபிளில் பிள்ளைகள் பிறந்த நாள் எழுதியிருந்த ஏட்டைக் கிழித்து வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார். அவரைப் போல எத்தனையோ பேர் கிழித்து அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பிய ஏடு திரும்பவே இல்லை. அதனாலேயே இன்று இருக்கிறது, வீட்டில் இருந்த பைபிள் இல்லை. ஒன்பது பிள்ளைகள், அதில் மூன்றாவதற்குப் பிறந்த நாளும் இறந்த நாளும் பக்கத்துப் பக்கத்தில். வாக்குமூலத்தின் அடியில் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போல ஒரு கீறல். எங்கள் ஆயாவும் பட்டாவில் கைநாட்டுத்தான். இந்தக் கீறலைப் பெரிதாக்கி அச்செடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

நூலக அம்மையார் கடைசியாக ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். "இதையும் பார்க்காமல் போகக்கூடாது." டென்னசி வரிப் பட்டியல். நம்மவர் பெயருக்கு எதிரே நிலம் இவ்வளவு, வெள்ளைத் தலை ஒன்று, கறுப்புத் தலை ஒன்று. கறுப்புத் தலை என்றால் அடிமையாக வைத்திருந்த ஒருவர். பெயர் இல்லை. மாமியார் அன்று அதிகம் பேசவில்லை. தள்ளுபடிக் கோப்புகளைப் புரட்டியபோது படித்த ஜெகு கிராண்ட் நினைவுக்கு வந்தார். ரோட் ஐலண்டில் அடிமையாக இருந்தவர், 1777-இல் தப்பி ஓடி அமெரிக்கப் படையில் சேர்ந்து, எசமான் வந்து பிடித்துக்கொண்டு போகும்வரை உழைத்தவர். பென்ஷன் கேட்டபோது, ஓடிவந்த அடிமையாக இருந்து செய்த சேவை கணக்கில் வராது என்று மறுத்துவிட்டார்கள். ஓடிய நம்மவருக்கு 50 டாலர், ஓடிவந்த அவருக்கு ஒன்றுமில்லை. அந்த வரிப் பட்டியலில் பெயரில்லாமல் இருப்பவரைத் தேடும் வேலையை இப்போது தொடங்கியிருக்கிறோம். மாமியார்தான் சொன்னார், நான் கேட்கவில்லை.

முகம் தெரியாத படியெடுப்பாளர்களே, தேசிய ஆவணக் காப்பகமும் தேசியப் பூங்காத் துறையும் 2023-இல் தொடங்கிய வேலையில், 80,000-க்கும் மேற்பட்ட இந்தக் கோப்புகளின் 20 லட்சத்துக்கும் மேலான பக்கங்களை உட்கார்ந்து எழுத்துக்கூட்டித் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள். பாட்டியின் வாக்குமூலத்தில் மை ஊறிப்போய் எனக்குப் புரியாத நான்கு வரிகளை உங்களில் யாரோ ஒருவர் படித்துவைத்திருந்தார். பதிலுக்கு நானும் வாரம் ஐந்து பக்கம் படியெடுக்கிறேன். 'ஜெஃப்சி' இனி என் கையால் வராது.

என் கணவர், சமையலறை மேசையை எட்டு மாதம் எனக்கு விட்டுக்கொடுத்தவர், நன்றி சொல்லக் கூடாது என்று முறைக்கிறார். சரி.

கடைசியாக ஒன்று. ஒற்றைப் பசுக்காரரின் கோப்பை 38 பக்கமும் நான் முழுதாகப் படியெடுத்து வைத்திருக்கிறேன். மனைவி, பிள்ளைகள் பெயர், வயது, யாருக்கு உடம்பு முடியாது என்பது வரை இருக்கிறது. அவருடைய வழிவந்தவர்கள் எங்காவது இருப்பார்கள். இந்த மடலைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அப்படியே கொடுத்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
கடலூரிலிருந்து வந்த மருமகள்