1815-லிருந்து நடந்து வா

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். அலாஸ்காவில் சீவர்டுக்கு ஒரே ஒரு நாள், அதுவும் முழுக்கப் படகுச் சவாரிக்கு. எக்ஸிட் பனியாற்றுக்கு நேரே 'நேரம் இருந்தால்' என்று எழுதி வைத்திருக்கிறாய். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. போனில் சொன்னால் நீ 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

படகை நான் குறை சொல்லவில்லை. கடலுக்குள் போய்ப் பனிச்சுவர் இடிந்து விழுவதைப் பார்த்தால் பிள்ளைகள் குதிப்பார்கள். திமிங்கிலமும் கண்ணில் படலாம். ஆனால் கீனை ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவிலேயே கார் போகிற பகுதி இந்த எக்ஸிட் பனியாறு ஒன்றுதான். உன் அண்ணன் எங்களை அங்கேதான் கூட்டிப்போனான். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கு. உங்கள் திட்டத்தில் ஷாப்பிங்குக்கு என்று ஒரு நாள் இருக்கிறதே, அதை எடுத்துவிடலாம் என்பது என் யோசனை. மாப்பிள்ளையும் சந்தோஷப்படுவார்.

சீவர்டுக்குச் சற்று முன்பே நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கிளைச்சாலை பிரியும். கூடவே ரெசரெக்‌ஷன் ஆறு வரும், பல கிளைகளாகப் பிரிவதும் மறுபடி சேர்வதுமாக. தண்ணீர் சாம்பல் நிறத்தில் கலங்கலாக இருக்கும். சாக்கடை கலந்துவிட்டதோ என்று உன் அம்மா கேட்டாள். அது பாறை மாவு. மேலே பனியாறு நகரும்போது அடியிலிருக்கும் பாறையை அரைத்து அரைத்துத் தூளாக்கி அனுப்புகிறது.

அந்தச் சாலையில் போகும்போது 1815 என்று மட்டும் எழுதிய ஒரு பலகை வரும். அதைத் தவற விடாதே. அண்ணனை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். 1815-இல் பனியாற்றின் முனை அங்கே இருந்தது என்று அர்த்தம். நீ நிற்கிற இடத்திலிருந்து பனி கண்ணுக்கே தெரியாது, சுற்றிலும் காடுதான். அப்புறம் சாலையிலும் நடைபாதையிலுமாக 1917, 1926, 1951 என்று ஆண்டுப் பலகைகள் வந்துகொண்டே இருக்கும்.

எனக்கு இது வேறு மாதிரி பட்டது. சர்வே வேலையில் கல் நட்டே காலம் தள்ளியவன் நான். கல் நட்டால் எல்லை அங்கேயே இருக்க வேண்டும், அதுதான் எங்கள் தொழில். இங்கே எல்லை போய்க்கொண்டே இருக்கிறது, பலகைதான் பின்தொடர்கிறது. அதனால் பார்வையாளர் மையத்துக்குள் நுழைந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, '1815-இல் இங்கே வந்து அளந்தது யார்?' என்பதுதான்.

யாரும் அளக்கவில்லை, மரங்கள்தான் சொல்கின்றன என்றார் அங்கிருந்த ரேஞ்சர் பெண், அதாவது பூங்கா ஊழியர். பனியாறு ஓரிடத்தில் சில காலம் நின்றால், தான் தள்ளிக்கொண்டு வந்த கல்லையும் மண்ணையும் முனையில் கரை போலக் குவித்துவிடுகிறது. மொரெய்ன் என்கிறார்கள். பனி விலகிய பிறகு அந்தக் கரையில் மரம் முளைக்கிறது. உள்ளே துளையுள்ள துரப்பணத்தை மரத்தில் திருகி, பென்சில் பருமனுக்கு ஒரு குச்சியை உருவி, அதில் வளையங்களை எண்ணுகிறார்கள். வெறுங்கல்லில் விதை ஊன்ற ஆகும் காலத்தையும் சேர்த்துக்கொண்டால் பனி விலகிய ஆண்டு கிடைத்துவிடுகிறது. மரத்துக்கு ஒன்றும் ஆகாதாம். பிற்காலத்து அளவுகளுக்கு விமானத்திலிருந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. சங்கிலியும் தியோடலைட்டும் இல்லாமல் செய்த சர்வே! நான் கேட்டுக்கொண்டே போனதில் எனக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நகர்ந்தேன்.

மையம் சிறிய கட்டடம். விளக்கப் பலகைகளையும் படங்களையும் பார்க்க ரொம்ப நேரம் ஆகாது. ஆனால் அங்கே இருக்கும் ரேஞ்சர்களிடம் பேசு. கோடையில் அவர்களே கூட்டிக்கொண்டு நடக்கும் நடைகளும் உண்டு. அந்த நேரத்தை விசாரித்துக்கொண்டு போ. பிள்ளைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் தருவார்கள். அதில் உள்ளதைச் செய்து முடித்தால் பேட்ஜ். சின்னவன் அதற்காகவே ஒழுங்காக நடப்பான்.

நடக்கும்போது செடிகளைப் பார்க்கச் சொல். பனியாற்றுக்கு அருகில் வெறும் பாறை, கொஞ்சம் பாசி. கீழே இறங்க இறங்க ஆல்டர் புதர்கள். அதன் வேரிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணைத் தேற்றுகின்றன. அது தேற்றிய மண்ணில் காட்டன்வுட் மரங்கள் வருகின்றன, கடைசியாக ஸ்ப்ரூஸும் ஹெம்லாக்கும் வந்து காடாகிவிடுகிறது. பழைய பலகைகளுக்குப் பக்கத்தில் பெரிய மரம், புதிய பலகைகளுக்குப் பக்கத்தில் குட்டைப் புதர். இருநூறு ஆண்டுகளை இப்படி நடந்தே பார்க்கலாம். இது படகில் கிடைக்காது.

ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடு. பனியாறு பின்வாங்குகிறது என்றால் பனி திரும்பி மலை ஏறுகிறது என்பதில்லை. அது எப்போதும் கீழ்நோக்கித்தான் நகர்கிறது. மேலே ஹார்டிங் பனிவெளி இருக்கிறது. ஏறக்குறைய 1,800 சதுர கிலோமீட்டர், பல பனியாறுகளுக்குத் தாய்வீடு. அங்கே விழும் பனி இறுகி, கட்டியாகி, இறங்கி வருகிறது. மேலிருந்து வருவதைவிடக் கீழே உருகுவது அதிகமானால் முனை பின்னால் போகிறது. வரவு செலவுதான். 1815-க்குப் பிறகு தொடங்கிய பின்வாங்கல் குளிர்காலகட்டம் ஒன்று முடிந்ததால் வந்தது. பிந்தைய பத்தாண்டுகளில் அது வேகம் பிடித்ததற்குக் காரணம் மனிதர்கள் எரித்த கரி, எண்ணெய்தான். ரேஞ்சர் இரண்டையும் பிரித்துச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் ஒரே பழியாகப் போட்டுவிடவில்லை. 2015 செப்டம்பரில் ஒபாமா வந்து இந்தப் பாதையில் நடந்ததும் இதைக் காட்டத்தான். 1815-லிருந்து மொத்தத்தில் பனியாற்றின் முனை 2 கிலோமீட்டருக்கு மேல் பின்னால் போய்விட்டது.

முன்பெல்லாம் பனிக்குப் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தவர்கள் உண்டு. இப்போது அது பாறைமேல் ஏறிப் போய்விட்டதால் தூரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். ஆனாலும் அந்த நீலம் தெரியும். அழுத்தத்தில் காற்றுக்குமிழி வெளியேறி இறுகிய பனி, வெளிச்சத்தில் சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தை விட்டுவிடுகிறது. மேகம் மூடிய நாளில் இன்னும் நன்றாகத் தெரிகிறது, அதனால் மழை என்று திரும்பிவிடாதே.

பனிவெளி வரை ஏறும் பாதையும் இருக்கிறது. போய்வர 13 கிலோமீட்டர், முழு நாள் ஆகும், ஏற்றமோ கடுமை. எனக்கு முட்டி இடம் கொடுக்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் போவதென்றால் பிள்ளைகளை அண்ணனிடம் விட்டுவிட்டுப் போங்கள். கறுப்புக் கரடிகள் நடமாடும் இடம், பேசிக்கொண்டே நடக்க வேண்டும். உன்னைப் பொறுத்தவரை அதில் சிரமம் இருக்காது.

நுழைவுக் கட்டணம் இல்லை. மையம் கோடையில் மட்டும்தான் திறந்திருக்கும், குளிர்காலத்தில் சாலையையே பனி மூடிவிடும். ஆகவே செப்டம்பருக்குத் தள்ளாதே. எல்லாருக்கும் மழைக்கோட்டு எடுத்துக்கொள். பனியிலிருந்து இறங்கி வரும் காற்று வெயில் அடிக்கும்போதும் நடுக்கும். சின்னவனுக்குக் காதை மூடுகிற குல்லா வாங்கிவிடு.

தேதி முடிவானதும் முதலில் அண்ணனிடம் சொல், அவன் லீவு போட வேண்டும். அம்மா தனியாக எழுதுகிறாளாம்.

அன்புடன்,
அப்பா