தோற்பதற்கும் ஒரு தகுதி வேண்டும்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பதில் தாமதம்தான். அக்டோபரில் இங்கே பேஸ்பால் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டால் ராத்திரியில் எனக்கு வேறு எந்த வேலையும் ஓடாது என்பது உனக்குத் தெரியாததில்லை. இந்த 2025ல் எங்கள் சியாட்டில் மரினர்ஸ் முதல்முறையாக வேர்ல்ட் சீரிஸ் என்கிற இறுதிச் சுற்றுக்குப் போய்விடுவார்கள் போலிருந்தது, டொரான்டோவுடன் ஏழாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போய் 4-3 என்று கோட்டை விட்டார்கள். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. மற்றபடி வீட்டில் எல்லோரும் நலம். சின்னவள் கல்லூரி விடுதிக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது, என் முழங்கால் மழை வருவதை எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக எழுதியிருந்தாய், நிம்மதி. நான் விசாரித்ததாகச் சொல்.

சரி, கெர்ஷா விஷயத்துக்கு வருகிறேன். பிட்சர் (பந்து வீசுகிறவர்) கிளேட்டன் கெர்ஷா ஓய்வு பெற்ற செய்தியைப் படித்துவிட்டு, உச்சத்தில் இருக்கும்போதே போய்விடுவதுதான் மரியாதை, வெறும் எண்ணிக்கைக்காக நாற்பது வயதுக்கு மேலும் ஒட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் உனக்குப் பாவமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கெர்ஷாவைப் பொறுத்தவரை உன்னோடு சண்டை இல்லை. பதினெட்டு சீசனும் ஒரே அணி, டாட்ஜர்ஸ். 223 வெற்றி, 96 தோல்வி. இந்த ஜூலையில்தான் 3000வது ஸ்ட்ரைக்அவுட்டை (பேட்டரைப் பந்தை அடித்து ஆடவிடாமலே அவுட்டாக்குவது) எடுத்தார், அதைத் தொட்ட இருபதாவது ஆள். வேர்ல்ட் சீரிஸ் மூன்றாவது ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல் பதினெட்டு இன்னிங்ஸ் போனதே, அதில் பன்னிரண்டாவது இன்னிங்ஸில் எல்லா பேஸிலும் எதிரணி ஆள் நிற்கும்போது அவரைக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு பேட்டருக்கு வீசினார், அவுட். அவர் கடைசியாகப் பந்து வீசியது அந்த ஆட்டத்தில்தான். அப்படி ஒரு முடிவு யாருக்குக் கிடைக்கும், சொல். ஆனால் எல்லோரும் அப்படிப் போயாக வேண்டும் என்று நீ சட்டம் போடுகிறாய் பார், அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் இந்த 'வெற்றி' கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கிரிக்கெட்டில் இப்படி ஒன்று கிடையாது. இங்கே ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்சர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும், அவர் இறங்கிப் போகும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும், அந்த முன்னிலை கடைசி வரை போகாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் அந்த வெற்றி அவர் பெயரில் ஏறும். தோல்வியும் அதே மாதிரி ஒருவர் தலையில்தான் விழும். அதாவது அவர் எவ்வளவு நன்றாக வீசினாலும், சொந்த அணிக்காரர்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு சும்மா வந்து போனால் அவர் கணக்கில் தோல்விதான். ஹூஸ்டன் அணியின் நோலன் ரயன் 1987ல் எட்டு வெற்றி, பதினாறு தோல்வி. அதே வருடம் நேஷனல் லீக்கிலேயே (உச்ச மட்டமான மேஜர் லீகின் இரண்டு பாதிகளில் ஒன்று) மிகக் குறைவாக ரன் கொடுத்தவர் அவர்தான், ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.76. மிக அதிக ஸ்ட்ரைக்அவுட்டும் அவர்தான், 270. நாற்பது வயது. ஹூஸ்டன்காரர்கள் அவருக்கு ரன் அடித்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் கதை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். பேஸ்பால் வரலாற்றில் அதிக ஆட்டங்கள் தோற்ற பிட்சர்கள் யார் என்று எடுத்துப் பார். முதலிடத்தில் சை யங், 315 தோல்வி. அடுத்து பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆள் பட் கால்வின், அவருக்கும் 300க்கு மேல். அப்புறம் நோலன் ரயன் 292, வால்ட்டர் ஜான்சன் 279, ஃபில் நீக்ரோ 274, கேலார்ட் பெரி 265, டான் சட்டன் 256. இந்த ஏழு பேரும் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில், இருக்கிறார்கள். அதைவிட வேடிக்கை, ஏழு பேருமே 300 வெற்றிக்கு மேல் எடுத்தவர்கள். சை யங்கின் 511 வெற்றியை இனி யாரும் நெருங்கப் போவதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த 315 தோல்வியையும் யாரும் நெருங்கப் போவதில்லை என்று யாரும் சொல்வதில்லை. மோசமான பிட்சருக்கு இருநூறு ஆட்டம் தோற்கிற வாய்ப்பே கிடைக்காது மாப்ளே, ஐம்பதிலேயே சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முந்நூறு தடவை தோற்க வேண்டுமென்றால், ஒவ்வொரு தடவை தோற்ற பிறகும் நாலு நாள் கழித்து எவனோ ஒருவன் நம்பி உன் கையில் பந்தைக் கொடுத்திருக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் அந்த நம்பிக்கை தீராமல் இருந்ததற்கு அத்தாட்சி அந்தத் தோல்விக் கணக்குதான் என்பது என் கட்சி.

ஃபில் நீக்ரோ 1979ல் என்ன செய்தார் தெரியுமா? 21 வெற்றி, 20 தோல்வி. ஒரே சீசனில் நேஷனல் லீக்கில் அதிக வெற்றியும் அவர்தான், அதிக தோல்வியும் அவர்தான். வெற்றியில் அவரோடு சமமாக நின்றது யார் என்றால் சொந்தத் தம்பி ஜோ நீக்ரோ! அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து எடுத்தது மொத்தம் 539 வெற்றி, எந்தச் சகோதரர்களும் அதைத் தாண்டவில்லை. ஃபில் வீசியது நக்கிள்பால். பந்தை விரல் நுனியால் பிடித்து, சுழலவிடாமல் தள்ளிவிடுவது. வேகம் ஒன்றும் இருக்காது, ஆனால் காற்றில் எந்தப் பக்கம் நெளியும் என்று வீசுகிறவருக்கே தெரியாது, பிடிக்கிற கேட்சர் பாடு திண்டாட்டம். தோளுக்கு அவ்வளவு சிரமம் இல்லாததால் 48 வயது வரை தாக்குப்பிடித்தார். நாற்பது வயதுக்குப் பிறகு மட்டும் 121 வெற்றி. நீ சொல்கிற மாதிரி உச்சத்தில் போயிருந்தால் இந்த 121ம் இல்லை. அவருடைய 300வது வெற்றி 1985 சீசனின் கடைசி நாளில், யாங்கீஸ் அணிக்காக, 46 வயதில் வந்தது. அன்றைக்கு ஒரு குறும்பு செய்தார் மனிதர். ஆயுள் முழுக்கச் சோறு போட்ட நக்கிள்பாலைக் கடைசி பேட்டர் வரும்வரை தொடவே இல்லை. மற்ற பந்துகளை வைத்தே டொரான்டோவை ஒரு ரன் கூட எடுக்கவிடாமல் வைத்திருந்து, கடைசி ஆளுக்கு மட்டும் நக்கிள்பாலை எடுத்தார். எனக்கு இந்தக் கதை எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது, உனக்கு அலுத்தால் பொறுத்துக்கொள்.

எண்ணிக்கைக்காக ஒட்டிக்கொண்டு நின்றதற்கு நீ உதாரணம் காட்ட வேண்டுமென்றால் ஏர்லி வின்னைக் காட்டியிருக்கலாம், உன் பக்கத்துக்கு நானே சாட்சி எடுத்துக் கொடுக்கிறேன். 1962 முடியும்போது அவரிடம் 299 வெற்றி. சிகாகோ வைட் சாக்ஸ் கழற்றிவிட்டது. வயது 43 ஆகப் போகிறது, போதாததற்கு கீல்வாதம். ஒரு வெற்றிக்காக அடுத்த வருடம் கிளீவ்லாண்டில் சேர்ந்தார். ஜூலையில் ஒரு நாள் திக்கித் திணறி ஐந்து இன்னிங்ஸை முடித்துவிட்டு 5-4 என்ற முன்னிலையோடு வந்து உட்கார்ந்தார், மீதி நாலு இன்னிங்ஸை இன்னொருவர் ரன் கொடுக்காமல் காப்பாற்றினார். 300. அதற்கு மேல் ஒன்று கூட இல்லை. பார்க்கிறவர்களுக்குப் பாவமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஒன்று, இன்றைக்கு யாருக்கும் அந்த ஐந்து இன்னிங்ஸ் எப்படி இருந்தது என்ற கவலை இல்லை.

அதே மாதிரி வாசல் வரை வந்து திரும்பியவர்களும் உண்டு. மைக் முசீனா 2008ல் 39 வயதில் முதல்முறையாக ஒரே சீசனில் 20 வெற்றி எடுத்தார், மொத்தம் 270 ஆனது, போதும் என்று போய்விட்டார். இன்னும் இரண்டு வருடம் நின்றிருந்தால் 300. நீ மெச்சுகிற ரகம். ஸாக் கிரிங்கி 2979 ஸ்ட்ரைக்அவுட்டோடு நிற்கிறார், 2023க்குப் பிறகு ஆடவில்லை. இன்னும் 21 எடுத்தால் 3000. நாலைந்து ஆட்டத்து வேலை, அதற்காக அவர் திரும்பி வரவில்லை. அவர் எப்போதுமே தனிப் போக்கு. டாமி ஜான் 288 வெற்றியோடு நின்றவர். இவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1974ல் நன்றாக வீசிக்கொண்டிருந்தவருக்கு முழங்கைத் தசைநார் அறுந்துபோனது. டாக்டர் ஃபிராங்க் ஜோப் வலது கையிலிருந்து ஒரு நாரை எடுத்து இடது முழங்கையில் வைத்துத் தைத்தார், அதற்குமுன் எந்த பிட்சருக்கும் அப்படிச் செய்ததில்லை. ஒரு சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்து 1976ல் வந்தவர் 46 வயது வரை வீசினார். ஆபரேஷனுக்கு முன் 124 வெற்றி, பின் 164. இன்றைக்கு அந்த ஆபரேஷனுக்கே அவர் பெயர்தான், வாரத்துக்கு ஒரு பையனாவது அதற்குப் போகிற மாதிரி இருக்கிறது.

நான் நேரில் பார்த்து மனசைப் பறிகொடுத்த ஆள் ஜேமி மோயர், எங்கள் ஊர் அணியில் ரொம்ப நாள் இருந்தவர். முப்பது வயதுக்குள் மூன்று அணிகள் கழற்றிவிட்டன. 1992 முழுக்க மேஜர் லீகில் இடமே இல்லை. ஒழுங்காக ஒரு வேலையைப் பார் என்று மாமனார் சொன்னாராம் (மாமனார்கள் எந்த நாட்டிலும் மாறுவதில்லை). 1996ல் சியாட்டிலுக்கு வரும்போது வயது 33. அதற்குப் பிறகுதான் அவருடைய ஆட்டமே தொடங்கியது. 2001ல் 20 வெற்றி, 2003ல் 21. வேகம் என்று ஒன்று அவரிடம் கிடையாது, மற்றவர்கள் மணிக்கு 95 மைலில் வீசும்போது இவர் 80ஐ ஒட்டி. அப்புறம் அதைவிட மெதுவாக ஒன்று, அதைவிட மெதுவாக இன்னொன்று. பலம் கொண்ட மட்டும் மட்டையைச் சுழற்றிவிட்டுப் பந்து வருவதற்காக அசடு வழியக் காத்திருந்த பேட்டர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கிருந்து பிலடெல்பியா போய் 2008ல் வேர்ல்ட் சீரிஸும் ஜெயித்தார். முழங்கையில் அதே டாமி ஜான் ஆபரேஷன் செய்துகொண்டு, 2012 ஏப்ரலில் கொலராடோ அணிக்காக வந்து 49 வயதில் ஒரு ஆட்டம் ஜெயித்தார். மேஜர் லீகில் அந்த வயதில் அதுவரை யாரும் ஜெயித்ததில்லை. மொத்தம் 269 வெற்றி. இன்னொரு சாதனையும் அவர் பெயரில் இருக்கிறது, 522 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) கொடுத்தவர், அவ்வளவு அடி வாங்கிய பிட்சர் வேறு யாரும் இல்லை. எனக்கு அந்த 522 மேல் தனிப் பிரியம்.

300 வெற்றி இனி யாருக்காவது வருமா என்று கேட்டிருந்தாய். எனக்கு நம்பிக்கை இல்லை. கடைசியாக எடுத்தவர் ராண்டி ஜான்சன், 2009ல். அவரோடு சேர்த்து மொத்தமே 24 பேர். இப்போது ஐந்து பேர் முறைவைத்து வீசுகிறார்கள், ஒருவருக்கு சீசனில் முப்பத்துச் சொச்சம் ஆட்டம்தான் வரும். அதிலும் நூறு பந்தை நெருங்கினால் கோச் வந்து பந்தை வாங்கிக்கொள்வார், ஐந்தாறு இன்னிங்ஸோடு வேலை முடிந்தது, மீதியை வேறு நாலு பேர் பங்குபோட்டுக்கொள்வார்கள். வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை என்று கணக்கில் ஏறாமலே போகிற ஆட்டங்கள் ஏராளம். சை யங் தொடங்கிய ஆட்டத்தைத் தானே முடித்தது 749 தடவை. 2024ல் முப்பது அணிகளும் சேர்ந்தே அப்படி முடித்தது முப்பதுக்கும் குறைவு. இன்னொன்று, வெற்றிக் கணக்குக்கே இப்போது மதிப்பில்லை. ஜேக்கப் டிகுராம் 2018ல் பத்து வெற்றியோடு, சிறந்த பிட்சருக்குக் கொடுக்கிற சை யங் விருது வாங்கினார். அது நியாயம்தான், அவர் ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்தது 1.70 ரன். வெற்றியை வைத்து ஒரு பிட்சரை அளப்பது தப்பு என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன், இருந்தாலும் அந்தப் பழைய கணக்கில் ஒரு ருசி இருக்கிறதே, அதை விட மனசு வரவில்லை.

300ஐ நோக்கி இன்னும் வீசிக்கொண்டு மிச்சம் இருப்பவர் ஜஸ்டின் வெர்லாண்டர். 39 வயதில், முழங்கை ஆபரேஷன் முடிந்து திரும்பிய வருடத்திலேயே 18 வெற்றி, 4 தோல்வி என்று சை யங் விருது வாங்கிய மனிதர். அன்றைக்கே போயிருந்தால் நீ கைதட்டியிருப்பாய். போகவில்லை. இந்த வருடம் சான் பிரான்சிஸ்கோவில் 4 வெற்றி, 11 தோல்வி. ரன் அதிகம் கொடுத்து அல்ல, நான் மேலே சொன்ன ரயன் கதைதான். மொத்தம் 266 வெற்றி, பிப்ரவரியில் 43 வயது ஆகப் போகிறது. இன்னும் 34 வேண்டும். கிடைக்காது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியாமல் இருக்காது. அடுத்த சீசனில் எந்த அணியாவது அவர் கையில் பந்தைக் கொடுத்தால் நான் உட்கார்ந்து பார்ப்பேன், தோற்றாலும்.

அப்புறம், உன் வேலை எக்ஸ்டென்ஷன் விஷயம் என்ன ஆயிற்று? கடிதத்தில் ஒரு வரியில் தொட்டுவிட்டு நழுவிவிட்டாய். இந்த 'உச்சத்தில் போய்விட வேண்டும்' தத்துவமெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா? தங்கச்சி என்ன சொல்கிறாள்? நேரில் பேசுவோம், ஜூன் கடைசியில் வருவதாக இருக்கிறேன், டிக்கெட் இன்னும் போடவில்லை. வரும்போது உன் பேரனுக்கு மரினர்ஸ் தொப்பி ஒன்று வாங்கி வருகிறேன், தலை அளவை மட்டும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் பங்காளி