பிள்ளைகளுக்குச் சிற்றலையைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி 2013 வரை எங்கள் திருகோணமலையிலிருந்து சிற்றலையில், அதாவது தொலைதூரம் எட்டும் ஷோர்ட் வேவ் வானொலி அலையில், மறுஒலிபரப்புச் செய்தது. இந்த ஊரிலேயே பிள்ளைகளுக்குச் சிற்றலை தெரியவில்லை என்பது எனக்குக் கவலை.

தொடங்கப் பெரிய செலவில்லை. சிற்றலை உள்ள பழைய பற்றரி ரேடியோ போதும். நான் பத்து மீற்றர் செப்புக்கம்பியை முருங்கையில் கட்டி, மறுமுனையை ஏரியலில் கவ்விவிட்டிருக்கிறேன். இடி முழங்கினால் உடனே கழற்றிவிடுவேன். இரவில் 31 மீற்றர் அலைநீளப் பக்கம், அதாவது 9400 முதல் 9900 கிலோஹேர்ட்ஸ் வரை, முள்ளை மயிரிழையாக நகர்த்துங்கள். வானில் உயரே மின்னேற்றம் கொண்ட அடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும் குரல் கடலலைபோல ஏறி இறங்கும். போன் சார்ஜரையும் எல்ஈடி விளக்கையும் அணைத்துப் பாருங்கள், இரைச்சல் குறையும். அப்புறம், கேட்ட நேரத்தையும் அலைவரிசையையும் எழுதி அனுப்பினால் சில நிலையங்கள் அத்தாட்சி அட்டை அனுப்பும்.

எங்கள் பாடசாலைகளில் ஒரு ரேடியோவாவது வையுங்கள்.

சிற்றலை நேயர்,
உப்புவெளி, திருகோணமலை