கேக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் உக்காந்து பாரு கண்ணு

கண்ணு,

குழந்தைய கவனிச்சு ரெக்கார்டு எழுத ஒரு வீட்டுக்கு போனத பத்தி நேத்து நீ போன்ல சொன்னதே ராத்திரி பூரா மனசுல ஓடிட்டு இருந்துச்சு. குழந்தை உன்ன பாத்ததும் அம்மா முந்தானைக்குள்ள போயிடுச்சு, அந்தம்மா முப்பது கேள்விக்கும் ஆமா ஆமான்னு பத்து நிமிஷத்துல முடிச்சு அனுப்பிட்டாங்க, இத வெச்சு என்னத்த ரெக்கார்டு எழுதறதும்மான்னு அழாத குறையா கேட்ட. போன்ல எனக்கு கோர்வையா சொல்ல வராது, அதான் எழுதறேன்.

வேலைக்கு வந்த புதுசுல நடந்த ஒண்ண உன்கிட்ட இதுவரைக்கும் சொன்னதே இல்ல. அப்போ எனக்கு தேன்கனிக்கோட்டை பக்கம் அங்கன்வாடி சென்டர். அந்தப் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள தெலுங்கு இல்லன்னா கன்னடம், கடைத்தெருவுக்கு வந்தாதான் தமிழ். நான் அரூர்க்காரி, எனக்கு தெலுங்கு சுத்தமா வராது. மூணு வயசு பையன் ஒருத்தன் வருவான், வந்தா மூலைல உக்காருவான், குடுத்தத சாப்பிடுவான், போயிடுவான், ஒரு மாசமா ஒரு வார்த்தை கிடையாது. வீடு பாக்க போனப்போ வாசல்ல நின்னபடியே அவங்கம்மாகிட்ட பையன் பேசறானான்னு கேட்டேன். "இல்ல டீச்சர், வராது"ன்னாங்க. நானும் ரிஜிஸ்டர்ல பேச்சு வரவில்லைன்னு எழுதிட்டு, டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்கு போயிட்டேன்.

அவங்க சொன்னது தமிழ் வராதுன்னு.

டீச்சரே சொல்லிட்டாங்கன்னு அந்த வீட்டுல ஒரே கலவரம். கூலிய விட்டுட்டு பஸ் ஏறி டவுனுக்கு தூக்கிட்டு போயிருக்காங்க, மாமியார் வேற மருமகளதான் பழி சொல்லியிருக்கு, கோயிலுக்கு வேண்டுதல் எல்லாம் வெச்சிருக்காங்க. இதெல்லாம் எனக்கு அப்புறமாதான் தெரியும். ஒரு நாள் மாவு பாக்கெட் குடுக்க போறேன், வீட்டு பின்னாடி அந்தப் பையன் சேவல தொரத்திக்கிட்டு அவங்க அக்காவ பாத்து "கோடி கோடி, பட்டு பட்டு"ன்னு கத்தறான் பாரு, அவ்வளவு தெளிவா, அவ்வளவு சத்தமா. கோடின்னா கோழி, பட்டுன்னா புடின்னு அவங்க பாட்டி சொல்லித்தான் தெரியும். நான் அங்கயே புளி மூட்டை மேல உக்காந்துட்டேன். அவன் அக்காவுக்கு வழி சொல்றான், சேவல திட்டறான், கைக்கு சிக்கினதும் பாட்டிகிட்ட ஓடி வந்து என்ன நடந்துச்சுன்னு மொத்தமும் சொல்றான். அவங்க பொய் சொல்லல, நானும் வேணும்னு தப்பா எழுதல, ஆனா அரைமணி நேரம் அங்க உக்காந்து பாக்காம வாசல்ல நின்னு ஒரு வார்த்தை கேட்டேன் பாரு, அந்த வீட்டுக்கு நான் பண்ணின பாவம் அதுதான். ரிஜிஸ்டர்ல அடிச்சு எழுதிட்டு அந்தம்மாகிட்ட மன்னிப்பு கேட்டேன், அவங்க பெருசா எடுத்துக்கல, எனக்குத்தான் இன்னும் ஆறல.

அதனால சொல்றேன், அடுத்த தடவ போறப்போ முதல் நாள் எதுவும் கேக்காத. குழந்தைய கூப்பிடாத, தூக்காத, சாக்லேட் நீட்டாத, ஓரமா கீழ உக்காரு, குழந்தையோட கண்ணு மட்டத்துல. கால் மணி நேரம் உன்னையே பாக்கும், அப்புறம் அது வேலைய அது பாக்க ஆரம்பிச்சுடும். அப்போ எழுது. எழுதறப்போ கண்ணுல பட்டத மட்டும் எழுதணும். "பிடிவாதக்காரி"ன்னு எழுதினா அது உன் அபிப்ராயம், "மூடிய திருகி பாத்தா, வரல, பல்லால கடிச்சா, வரல, அம்மாகிட்ட நீட்டினா, அம்மா பாக்கல, கீழ போட்டு அழுதா"ன்னு எழுதினா படிக்கற யாருக்கும் அந்தக் குழந்தை தெரியும். உன் மேடம் சொல்ற ரன்னிங் ரெக்கார்டுங்கறது இதானே.

அந்தம்மாகிட்ட கேக்கறதுக்கும் நேரம் இருக்கு. மாமியார் கூடத்துல உக்காந்திருக்கறப்போ எந்த மருமகளும் குழந்தைக்கு இது வரலன்னு வாய திறக்க மாட்டா. நான் எல்லாம் புளி சீசன்ல கூட உக்காந்து கொட்டை எடுத்துக்கிட்டே பேசுவேன், கை வேலையா இருந்தா வாய் தானா வரும். நடக்குதா, பேசுதா, கலர் தெரியுதான்னு கேட்டா ஆமாதான் வரும், பரிச்சைன்னு நினைச்சுக்குவாங்க. நேத்து காலைல எந்திரிச்சதுலேந்து பாப்பா என்னென்ன பண்ணுச்சு சொல்லுங்கன்னு கேளு, அரைமணி நேரம் நிறுத்த மாட்டாங்க, உன் முப்பது கேள்வில இருபதுக்கு பதில் அதுக்குள்ளயே இருக்கும். மிச்சத்த பாட்டிகிட்ட கேளு.

குழந்தைகிட்ட கேக்கறதுதான் ரொம்ப கஷ்டம். பொங்கல் லீவுக்கு வந்தப்போ நீ விட்டுட்டு போன புக்க படிச்சேன், பிள்ளைங்க எப்படி யோசிக்கறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணின பியாஜே பத்தி. பாரிஸ்ல பினேன்னு ஒருத்தர் ஆரம்பிச்ச புத்திசாலித்தன டெஸ்ட் பண்ற எடத்துல வேலை பாத்தப்போ, சரியான விடைய விட பிள்ளைங்க ஏன் ஒரே மாதிரி தப்பு பண்றாங்கன்னு யோசிச்சாராம், அப்புறம் தன்னோட மூணு குழந்தைங்கள வீட்டுலயே பாத்து பாத்து எழுதினாராம், எனக்கு அந்த மனுஷன ரொம்ப பிடிச்சுப்போச்சு. அவரோட தண்ணி சோதனைய நம்ம சென்டர்ல நானும் பண்ணி பாத்தேன். ரெண்டு டம்ளர்ல ஒரே அளவு தண்ணி, எது நிறையன்னு கேட்டா ரெண்டும் ஒண்ணுன்னாங்க. ஒண்ண ஒல்லியான பாட்டில்ல ஊத்திட்டு கேட்டா பாட்டில்லதான் நிறையன்னாங்க, புக்ல இருக்கற மாதிரியே. ஆனா எனக்கு ஒரு சந்தேகம், டீச்சர் ஒரே கேள்விய ரெண்டாவது தடவ கேட்டா முதல்ல சொன்னது தப்பு போலன்னுதானே பிள்ளைங்க மாத்தி சொல்லும், தினமும் பாக்கறேனே. அடுத்த பக்கத்த திருப்பினா அதே இருக்கு! 1974ல ஸ்காட்லாந்துல டொனால்ட்சன்னு ஒரு அம்மாவும் கூட ஒருத்தரும் சேர்ந்து, தண்ணிக்கு பதிலா காய்கள ரெண்டு வரிசையா வெச்சு, அத பெரியவங்க கலைக்கறதுக்கு பதிலா ஒரு குறும்புக்கார கரடி பொம்மை வந்து கலைச்சு விட்ட மாதிரி பண்ணியிருக்காங்க, அப்போ நிறைய பிள்ளைங்க சரியா சொல்லிடுச்சாம். நீ எந்தக் குழந்தைகிட்டயாவது ஒண்ண ரெண்டு தடவ கேட்டிருந்தா அதையும் நோட்ல எழுதிடு, ரெண்டாவது தடவ கேட்டேன்னு.

அப்புறம் அந்தக் குழந்தை தவழலன்னு பயந்தியே, நீயே மண்டி போட்டு தவழ்ந்தது கிடையாது, உக்காந்தபடியே நகர்ந்து நகர்ந்து அடுப்படி வரைக்கும் வருவ, உங்க அப்பாயி திருஷ்டி கழிக்காத நாளில்ல. உலக சுகாதார நிறுவனம் 2006ல போட்ட கணக்குல தனியா நடக்கறதுக்கு எட்டு மாசத்துலேந்து பதினேழரை மாசம் வரைக்கும் ஆகலாம், தவழாமலே நடக்கற குழந்தைங்களும் கொஞ்சம் உண்டுன்னு இருக்கு, நம்ம டெல்லி குழந்தைங்களையும் சேர்த்து பாத்துதான் போட்டிருக்காங்க. நம்ம பிள்ளைத்தமிழ்லயும் செங்கீரை, சப்பாணி, வருகைன்னு தல நிமித்தறது, கை தட்டறது, நடந்து வர்றதுன்னு வரிசையா வெச்சிருக்காங்களே, மடில வெச்சு பாத்தவங்க சொன்னதுதானே அது. ஆனா எல்லாத்துக்கும் போகப் போக சரியாயிடும்னு சொல்லிடாத. பின்னாடி நின்னு கூப்பிட்டா ஒரு தடவ கூட திரும்பல, முன்னாடி நின்னா மட்டும் சிரிக்குதுன்னா அன்னைக்கே காது டெஸ்டுக்கு அனுப்ப சொல்லு. அப்படி ஒரு பொண்ண அவங்க வீட்டுல யாருமே கவனிக்கல, ரொம்ப சாதுன்னு பெருமையா சொல்லிட்டு இருந்தாங்க, நான் மூணு நாள் பாத்துட்டு அனுப்பினேன். இப்போ காது மிஷின் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்கு போறா.

நான் உன்ன பத்தி எழுதின பழைய நோட்ட மாமா கோயம்புத்தூர் வர்றப்போ குடுத்து அனுப்பறேன். முதல் பக்கத்த கொஞ்சம் கரையான் அரிச்சிருக்கு, பரவால்ல படிக்கலாம். டார்வின் தன் பையன பத்தி எழுதி வெச்சத 37 வருஷம் கழிச்சு 1877லதான் கட்டுரையா போட்டாராம், அத்தன வருஷம் கழிச்சும் எத்தனாவது நாள் என்ன பண்ணான்னு அவரால சொல்ல முடிஞ்சிருக்கு. நான் உன் முதல் பேச்ச எழுதின எடத்துல "இன்னைக்கு 'த்தா'ன்னா"ன்னு மட்டும் எழுதி வெச்சிருக்கேன், எந்த இன்னைக்குன்னு இப்போ எனக்கே தெரியல. நீ ஒவ்வொரு பக்கத்துலயும் தேதியும் மணியும் போட்டுடு கண்ணு.

ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்ததும் எழுதினத போட்டோ எடுத்து அனுப்பு. காலைல சாப்பிட்டுட்டு போ.

அம்மா